பழைய லாரிக்கு டயர் தேடுமுன் ரிம்மை அளந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரிசி ஆலைக் களத்தோரம் புல் முளைத்து நிற்கும் பழைய லாரி ஒன்றின் படம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. ‘டயர் கிடைக்காததால் ஓரங்கட்டப்பட்டது’ என்று கீழே ஒரு வரி. டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுதான். 1954 முதல் 1969 வரை பென்ஸ் கூட்டில் வந்த டாடா, எண்ணூரில் கட்டிய லேலண்ட் காமெட், பெட்ஃபோர்ட், டாட்ஜ், ஃபார்கோ என்று மன்னார்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்கு டயர் இருக்கிறது. கடைக்காரரிடம் என்ன கேட்பது என்றுதான் தெரிவதில்லை. ரிம் (டயர் ஏறி உட்காரும் இரும்பு வளையம்), டயர் வேலையிலேயே இருப்பவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

மாட்டியிருக்கும் டயரில் உள்ள அளவை நம்பிக் கடைக்குப் போவதுதான் முதல் கோளாறு. அது கடைசியாக ஓட்டியவர் அன்றைக்குக் கிடைத்ததை ஏற்றியதாக இருக்கும். 7.50-20 என்றால் டயரின் பெயரளவு அகலம் 7.50 அங்குலம், அது ஏறும் ரிம்மின் விட்டம் 20 அங்குலம். 7.50-20 போட வேண்டிய ரிம்மில் 8.25-20, 9.00-20 போட வேண்டியதில் 10.00-20 என்று ஓடிய வண்டிகள் ஏராளம். ரிம்மில் அடித்திருக்கும் அளவைப் பாருங்கள். வால்வு துளைக்குப் பக்கத்திலோ ரிம்மின் நடுவில் உள்ள இரும்புத் தட்டான டிஸ்க்கின் முகத்திலோ ‘7.00டி-20’, ‘6.5-20’ என்பதுபோல் பொறித்திருப்பார்கள். அதன்மேல் நாலைந்து கோட்டிங் பெயிண்ட் ஏறியிருக்கும். உளி வைத்துச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பெயிண்ட் ரிமூவர் தடவி, பித்தளைப் பிரஷ் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் சுற்றிலும் வெளுத்து எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

எழுத்தே இல்லையென்றால் டேப்பை எடுக்க வேண்டியதுதான். ரிம்மின் அகலம் என்பது டயரின் ஓரம் அணையும் இரண்டு உதடுகளுக்கு நடுவே, உள்பக்கத்திலிருந்து உள்பக்கம். வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு பிடித்தால் 7 அங்குல ரிம் 8-க்கு மேல் காட்டும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டயர் வாங்கியவர்கள்தான் பிறகு கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள்.

7.50-20 டயருக்கு 6.0 ரிம், 8.25-20-க்கு 6.5, 9.00-20-க்கு 7.0, 10.00-20-க்கு 7.5 என்பது முறை. பின்னால் சொன்ன மூன்றும் அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளும். 5 அங்குல ரிம்மில் 8.25-ஐ ஏற்றினால் டயரின் இரண்டு கன்னமும் (பக்கச் சுவர்) உள்ளே இழுபட்டு, பட்டன் எனப்படும் தரையில் உருளும் வரிகளில் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும்; நடு மொட்டையாகி ஓரம் புதிதாக நிற்கும் டயரைப் பார்த்தால், காற்று சரியாக இருந்தும் அப்படியென்றால், காரணம் இதுதான். உயரக் கணக்கும் உண்டு. 7.50-20 சுமார் 935 மி.மீ., 8.25-20 சுமார் 970, 9.00-20 சுமார் 1,020, 10.00-20 சுமார் 1,055. ஒரு படி மேலே போனால் ஸ்பீடோமீட்டர் 3 முதல் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். அதோடு போகாது, பாலம் ஏறும்போது ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, மட்காடிலும் ஸ்பிரிங் பட்டையிலும் உரசுகிறதா என்று பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் பார்த்தது கணக்கில் சேராது.

அடுத்தது துளை வட்டம், அதாவது நட்டு போடும் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டம். எதிரெதிர்த் துளை உள்ள 6, 8, 10 துளை டிஸ்க்கில் ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே வட்டத்தின் விட்டம். மையத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை. 5 துளை என்றால் எதிர்த் துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை 1.7-ஆல் பெருக்குங்கள். மெட்ரிக் டிஸ்க்கில் அதிகம் பார்ப்பது 8 துளை 275 மி.மீ., 10 துளை 335 மி.மீ. அமெரிக்க வழி வந்த பழைய வண்டிகளில் 6 துளை 222.25, அதாவது எட்டே முக்கால் அங்குலம் வரும். 10 துளையிலேயே 285.75-ம் வரும். ஆகவே ‘பத்து துளை டிஸ்க்’ என்று போனில் கேட்டு அட்வான்ஸ் போடுவது பணத்தை ஆற்றில் விடுவதுதான். நடுத்துளையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 275 வட்டத்தோடு 221 மி.மீ., 335 வட்டத்தோடு 281 மி.மீ. வருவது வழக்கம். துளை வட்டம் சரியாக இருந்து நடுத்துளை சிறிதாக இருந்தால் லேத்தில் கொடுத்துப் பெரிதாக்கிவிடலாம் என்பார்கள். ஹப்பின் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகம்) மேல் அமர்ந்து பாரம் தாங்கும் வகை டிஸ்க்கில் அப்படிக் கடைவது, நட்டு ஏறும் ஸ்டட்டைத் தவிர வேறு பிடிப்பு இல்லாமல் செய்துவிடும்.

பின்னால் ஜோடி டயர் போடும் வண்டிக்கு இன்னொரு அளவு உயிர்நாடி. டிஸ்க் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் அது. ரிம்மைத் தரையில் படுக்கவைத்து, உதட்டின் மேல் நேரான பட்டை ஒன்றை வைத்து, அங்கிருந்து ஒட்டும் முகம் வரை ஆழம் பாருங்கள். வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு பிடித்த மொத்த அகலத்தில் பாதியை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான். அதை இரண்டால் பெருக்கினால் உள் டயர், வெளி டயர் இரண்டின் நடுக்கோடுகளுக்கும் உள்ள இடைவெளி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 150 மி.மீ. என்றால் இடைவெளி 300. 9.00-20 டயரின் அகலம் சுமார் 259; மிச்சம் 41 மி.மீ. அதே ரிம்மில் சுமார் 278 அகலமுள்ள 10.00-20 ஏறினால் மிச்சம் 22-தான். நெல் மூட்டை ஏறியதும் டயரின் கீழ்ப்பக்கம் பிதுங்கும், இரண்டு கன்னமும் முத்தமிடும், தஞ்சாவூரிலிருந்து கிளம்பியது திருச்சி போய்ச் சேருமுன் சூட்டில் கொதித்துவிடும். இடையில் ஒரு ஜல்லி சிக்கினால் அதைவிட மோசம். ஜோடியில் இரண்டு டயரும் உயரம் ஒத்திருக்க வேண்டும்: 8.25 வரை விட்டத்தில் 2 நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று), 9.00 முதல் 4 நூல் வித்தியாசத்துக்கு மேல் கூடாது. சிறியது உள்ளே, பெரியது வெளியே. சாலை நடுவில் மேடாகவும் ஓரம் சரிந்தும் இருப்பதால் இந்த முறை.

இப்போது லாக் ரிங். இதை மெதுவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய 20 அங்குல ரிம்மில் ஆள் செத்தது டயரால் அல்ல, ரிங்கால்.

மூன்று துண்டு ரிம்மில் அடிரிம், அதன்மேல் நழுவி ஏறும் சைடு ரிங், அதை அடிரிம்மின் காடியில் (பள்ளத்தில்) பிடித்து நிறுத்தும் வெட்டு விழுந்த லாக் ரிங் என்று மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் தனி ரிங் தொங்கும். விரலால் சுற்றிப் பார்த்தால் பொருந்துவதுபோலவே இருக்கும். ஒரு கம்பெனியின் காடியும் இன்னொரு கம்பெனியின் ரிங்கும் ஒரு நூல் வித்தியாசத்தில் உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்து, 80 பவுண்டு காற்று ஏறியதும் எழும்பும். 10.00-20 டயரில் 100 பவுண்டு காற்று இருக்கும்போது அந்த ரிங் தாங்கும் பக்கத் தள்ளு 10 டன்னைத் தாண்டும். ஆகவே தனி ரிங் வாங்காதீர்கள். அடிரிம்மோடு சேர்ந்த செட்டாக, அடிரிம்மிலும் ரிங்கிலும் ஒரே முத்திரையும் ஒரே அளவும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

டெல்டா வண்டிக்குக் கூடுதல் தொல்லை துரு. வேதாரண்யம் உப்பும் யூரியாவும் ஏற்றி ஓடிய லாரி, ஐப்பசி கார்த்திகையில் களிமண் சேற்றில் நின்ற லாரி என்றால் வெளியே பெயிண்ட் பளபளக்கும், காடிக்குள் துரு இலை இலையாக உரியும். காடியைக் கம்பிப் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, விரல் நகத்தை அடிக்கோணத்தில் ஓட்டுங்கள். நகம் ஒரே கோட்டில் தொடர்ந்து மாட்டிக்கொண்டே வந்தால் அது துருக்குழி அல்ல, கீறல். அந்த ரிம் எடைக்குத்தான். ஸ்டட் துளையிலிருந்து சூரியக் கதிர்போல் கிளம்பும் கோடுகளுக்கும் இதே தீர்ப்பு. வெல்டிங் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் காற்று இறக்கிவிட்டுக்கூட வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே ரப்பர் வெந்து கிளம்பும் வாயு தீப்பிடித்தால் வெடிகுண்டுதான்.

கழற்றும்போது நட்டைத் தொடுமுன் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்க வேண்டும். ஜோடி என்றால் இரண்டு டயரிலும். காற்று நின்றதும் ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள். பல வருடம் நின்ற வண்டியில் மண் குளவி கட்டிய கூடோ துருவோ அடைத்து, ஓசை நின்றிருக்கும், உள்ளே காற்று இருக்கும். ஏற்றும்போது ரிங் உட்கார 10 பவுண்டு போதும். நிறுத்தி, லாக் ரிங் சுற்றிலும் ஒரே ஆழத்தில் காடியில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் தூக்கியிருந்தால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி பிரித்து மாட்ட வேண்டும். காற்று இருக்கும்போது சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவதுதான் நம் பட்டறைகளின் பரம்பரை வியாதி. பிறகு இரும்புக் கூண்டுக்குள் தள்ளி, வால்வில் கவ்வும் கிளிப் போட்டு, நீள ஹோஸோடு பக்கவாட்டில் நின்று மீதிக் காற்றை ஏற்றுங்கள். கூண்டு இல்லாத கடையில் இந்த வேலையே வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு தேடல் பாதியாகக் குறைந்துவிடும். 8.25-20, 9.00-20, 10.00-20 மூன்றும் நைலான் (குறுக்கு நூலடுக்கு) டயராக நம் நாட்டுக் கம்பெனிகள் இன்னமும் போடுகின்றன. ஆனால் கடையில் அடுக்கியிருப்பது இரும்புக் கம்பி அடுக்குப் போட்ட ரேடியல்தான் என்பதால் டீலரிடம் ஆர்டர் சொல்லிக் காத்திருக்க வேண்டும். பழைய ரிம்முக்கு நைலானே நல்லது. ரேடியல் கூடுதல் காற்று கேட்கும். நைலான் காலத்து டிஸ்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்பது எந்த வண்டிக்கும் கூடாது. கன்னத்தில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 15636 என்ற எண்ணும், தயாரிப்புத் தேதியாக நான்கு இலக்கமும் இருக்கும். 3223 என்றால் 2023-ன் 32-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. பட்டன் முழுசாக இருக்கிறது, ஓடவே இல்லை என்று யாராவது விற்றால் அதை ஊஞ்சல் கட்ட வாங்கலாம்.

7.50-20, 7.00-20, 6.50-20 ஆகியவைதான் நிஜமாகவே கஷ்டம். இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. மாட்டு வண்டிக்குப் போடும் ஏடிவி டயர் 6.00-19, 7.00-19, 8.00-19 என்று வரும். பார்வைக்கு அச்சு அசல் பழைய லாரி டயர். ஆனால் 19 அங்குலம் 20-ல் ஏறாது. ஏறினாலும் மாட்டு நடைக்குச் செய்த டயர் அது. இன்னொன்று டிராக்டரின் முன் டயர். மூன்று வரிப் பட்டன் போட்டு அழகாக இருக்கும், சாலை வேகத்தில் பாரத்தோடு ஓடச் செய்ததல்ல. வெளிநாட்டில், அமெரிக்காவின் கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள் பழைய வண்டிகளுக்கென்றே பழைய பட்டனில் புது டயர் போடுகின்றன. வரவழைப்பதுதான் பாடு. 2020 ஜூனில் பஸ், லாரி டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. லைசென்ஸ், ஐஎஸ்ஐ, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 6.0 ரிம் வைத்திருப்பவர் ஜோடி இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டு 8.25-20-க்குப் போவதே நடைமுறை. 5 அங்குல ரிம்காரர் ரிம்மையே மாற்ற வேண்டும்.

ரிம்முக்கு சென்னை புதுப்பேட்டையும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரமும் எல்லோரும் சொல்லும் இடங்கள். யாரும் குனிந்து பார்க்காத இடம் ஒன்று நம் வயல் ஓரத்திலேயே இருக்கிறது: டிராக்டர் டிரெய்லர். கழித்த லாரிகளின் பின் அச்சும் ஹப்பும் டிஸ்க்கும் டிரெய்லர் பட்டறைக்குப் போய், டிப்பருக்கு அடியில் இன்றும் கரும்பும் நெல்லும் சுமக்கின்றன. அறுவடை முடிந்து டிரெய்லர் சும்மா கிடக்கும் நாளில் டேப்பும் சாக்பீஸும் எடுத்துப் போங்கள். காசு கொடுத்துக் கேட்டால் மறுப்பார்கள், நியாயம்தானே, வண்டி நிற்குமே. இப்போது எளிதில் கிடைக்கும் அளவில் ஹப், டிஸ்க், டயர் முழு செட்டைக் கொடுத்துப் பழையதைக் கேட்டால் பேரம் படியும். டிரெய்லர் ரிம்மில் துருக்குழி அதிகம் என்பதால் மேலே சொன்ன நகச் சோதனை கட்டாயம்.

புது டயருக்குப் பழைய டியூப் போடாதீர்கள். ஓடிய டியூப் விரிந்திருக்கும். உள்ளே மடிப்பு விழுந்து, மடிப்பு தேய்ந்து, ஒரு மாதத்தில் பஞ்சர். டியூப், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையான பிளாப் இரண்டும் டயரின் அளவுக்கே புதிதாக வேண்டும். பிளாப் சிறிதானால் ஓரத்தில் டியூப் பிதுங்கிக் கடிபடும், பெரிதானால் சுருளும். மாட்டுமுன் டயரின் உள்ளே கையை விட்டுத் தடவி, மெல்லிசாகச் சாக் பவுடர் போட வேண்டும். கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டினால் கீழே கட்டி தட்டிவிடும். ஜோடியில் இரண்டு வால்வும் எதிரெதிராக, அரை வட்டம் தள்ளி நிற்கட்டும். இல்லாவிட்டால் உள் டயருக்குக் காற்றுப் பார்க்க வெளி டயரைக் கழற்ற வேண்டிவரும். ரீட்ரெட் செய்த (புதுப் பட்டன் ஒட்டிய) டயரைப் பின்னால் போடலாம், முன்னால் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை ஸ்டட்டைப் பற்றி. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வழி வண்டிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. ஸ்டட்டின் முகத்தில் ஆங்கில எழுத்து எல் அல்லது ஆர் அடித்திருக்கும். பார்க்காமல் நான்கு பேர் பைப் போட்டுத் தொங்கினால் ஸ்டட் முறியும், அந்த மரையில் புது ஸ்டட் தேட இன்னொரு ஆறு மாதம். நட்டின் அடி கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து, டிஸ்க்கின் துளையும் அதே வடிவமா என்று ஒப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நட்டின் அடியில் கொஞ்சம் பெயிண்ட் தடவி இறுக்கிக் கழற்றுங்கள். துளையில் முழு வளையமாகப் பதிந்தால் சரி, ஒரு பிறை மட்டும் பதிந்தால் ஓட்டத்தில் தளரும். ஹப்பில் ஒட்டும் முகத்துக்குத் தடிமனாகப் பெயிண்ட் அடிப்பதும் நட்டைத் தளர்த்தும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒற்றைத் துண்டு 22.5 அங்குல டியூப்லெஸ் டிஸ்க் உண்டு. 10.00-20-க்கு 11ஆர்22.5 ஈடு, 9.00-20-க்கு 10ஆர்22.5. கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 295/80ஆர்22.5, 335 வட்ட ஹப் இருந்தால் வேலை எளிது. வண்டி பழைய முகத்தை இழந்துவிடும் என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. பாரம் சுமக்கப் போகும் வண்டி என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

எதை மாற்றினாலும் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு டயரின் எண்ணிக்கையும் அளவும் பதிவில் இருக்கும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகுமுன் மாற்றத்தைப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் எப்படியும் தேறாது. அரசுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பதிவு, 50 ஆண்டு கடந்த இரு சக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும்தான். சுமை ஏற்றாமல் காட்சிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஓடும் பழைய லாரிக்கு அதில் இடமில்லை. அந்த வகையையும் சேர்த்தால் அசல் அளவில் டயர் தேடுபவர்களின் எண்ணிக்கை கூடும், நாலு டீலராவது மொத்தமாக ஆர்டர் எடுப்பார்கள்.

படத்தில் இருந்த வண்டிக்கு இப்போதைக்கு ஒரு வேலை. ஐப்பசி மழைக்கு முன் ஜாக்கி போட்டு இரண்டு அச்சையும் தூக்கி, ஸ்பிரிங் பட்டைக்கு அருகில் அச்சின் அடியில் தடித்த மரக்கட்டை கொடுத்து, சக்கரம் தரையைவிட்டு நாலு விரல் உயரம் நிற்கும்படி வைத்துவிடுங்கள். காற்றைப் பாதியாக இறக்கி, காடியில் கிரீஸ் தடவி, வெயில் படும் பக்கம் சாக்கு கட்டினால் போதும். படத்தில் பின் சக்கரம் காடி வரைக்கும் சேற்றில் இறங்கியிருந்தது.

இப்படிக்கு,
லாரி டயர், ரிம் வேலை செய்வோர்,
மன்னார்குடி.